பாடலிலிருந்து பனுவலுக்கு: நார்டிக் தொன்மங்களும் கொங்குநாட்டு அண்ணன்மார் கதையும் – அடையாள உருவாக்கம் குறித்த ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

வாய்மொழிக் காவியங்களும் தொன்மங்களும் ஓர் இனத்தின் பண்பாட்டு அடையாளத்தையும் அரசியல் அடையாளத்தையும் உருவாக்குகின்றன என்பது நாட்டார் வழக்காற்றியலில் பெரிதும் ஏற்கப்பட்ட கருத்தாகும். அவை எவ்வழியில், யாருடைய கைவழியாக அடையாளமாக மாறுகின்றன என்னும் வினா தமிழ்ச் சூழலில் போதிய அளவு எழுப்பப்படவில்லை. இக்கட்டுரை ஐசுலாந்தின் எட்டா, பின்லாந்தின் கலேவலா ஆகியவற்றின் வரலாற்றை, திருப்பூர் மாவட்டத்தை உள்ளடக்கிய கொங்குநாட்டில் வழங்கும் அண்ணன்மார் கதையோடு ஒப்பிடுகிறது. பாடலாக நிலவும்போது பல தரப்பினருக்கும் இடமளிக்கும் ஒரு கதை, பனுவலாக நிலைபெறும்போது ஒரு தரப்பின் அடையாளமாகச் சுருங்குகிறது என்பதும், அச்சுருக்கத்தைத் தவிர்க்கும் வழி பாடவேறுபாடுகளைப் பேணுவதிலேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் துணிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: தொன்மம், வாய்மொழிக் காவியம், அண்ணன்மார் கதை, கலேவலா, எட்டா, கொங்கு அடையாளம், திருப்பூர், பாடவேறுபாடு.

முன்னுரை

மக்கள் தம்மை யார் என்று கூறிக்கொள்ளும்போது நிலத்தையும் மொழியையும் மட்டும் சுட்டுவதில்லை. தம் முன்னோரைப் பற்றிய கதைகளையும் சுட்டுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் தனி நாடாக எழ முனைந்த இனங்கள் பலவும் தமக்கென ஒரு காவியத்தைத் தேடின. அத்தேடலின் விளைவுகள் மிகத் தெளிவாகப் பதிவாகியுள்ள நிலப்பகுதி வடஐரோப்பாவின் நார்டிக் நாடுகளாகும். அங்கே எப்பாடல் எப்போது யாரால் திரட்டப்பட்டது, எவ்வாறு தொகுக்கப்பட்டது, பின்னர் எவ்வரசியலுக்குப் பயன்பட்டது என்பனவற்றிற்குச் சான்றுகள் உள்ளன. ஆகவே, ஒரு வாய்மொழி மரபு அடையாளமாக மாறும் படிநிலைகளை ஆராய்வதற்கு அந்நாடுகள் நல்ல ஒப்பீட்டுக் களமாகின்றன.

தமிழகத்தில் இதற்கு நெருங்கிய நிகர் கொங்குநாட்டின் அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் இருவரையும் அவர்தம் தங்கை தங்காளையும் பற்றிய இக்கதை உடுக்கைப் பாட்டாகவும் கூத்தாகவும் கோயில் வழிபாடாகவும் வாழ்கிறது. கடந்த அறுபது ஆண்டுகளில் இது ஒலிப்பதிவாகவும் அச்சுப் பனுவலாகவும் வரலாற்றுப் புதினமாகவும் திரைப்படமாகவும் உருமாறியுள்ளது. அதே காலத்தில் கொங்குநாடு உழவு நிலத்திலிருந்து பின்னலாடைத் தொழில் நிலமாக மாறியது. இவ்விரு மாற்றங்களையும் ஒருங்கே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பீட்டின் எல்லையை முதற்கண் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். நார்டிக் என்பது ஐசுலாந்து, நார்வே, டென்மார்க், சுவீடன், பின்லாந்து ஆகிய ஐந்து நாடுகளையும் குறிக்கும் பொதுப்பெயர். ஓடின், தோர் முதலிய தெய்வங்களைக் கொண்ட நார்ஸ் தொன்மம் செருமானிய மொழிக்குடும்பத்தாருக்கு உரியது. பின்னிய மொழியோ யூராலிய மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது. கலேவலாவின் வைனாமொயினனும் இல்மரினனும் நார்ஸ் தெய்வங்கள் அல்லர். இவ்விரு மரபுகளையும் ஒன்றெனக் கொள்வது பிழையாகும். இரண்டும் வெவ்வேறு வழிகளில் எழுத்தாயின. அவ்வேறுபாடே இக்கட்டுரைக்குப் பயன்படுகிறது.

1. எட்டா: தொன்மம் சுவடியான வரலாறு

நார்ஸ் தொன்மம் குறித்து இன்று நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி இரு ஐசுலாந்து நூல்களிலிருந்து பெறப்படுவது. ஒன்று, ஸ்னோரி ஸ்துர்லுசன் கி.பி. 1220ஆம் ஆண்டளவில் இயற்றிய உரைநடை எட்டா. மற்றொன்று, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட கோதெக்ஸ் ரேகியுஸ் என்னும் சுவடியில் காணப்படும் பாவியல் எட்டா. ஐசுலாந்து கி.பி. 1000ஆம் ஆண்டளவில் கிறித்தவத்தை ஏற்றது. எனவே பழஞ்சமயத்தின் கதைகளை எழுத்தில் வடித்தவர்கள் அச்சமயத்தை விட்டு இரண்டு நூற்றாண்டுகள் கடந்த கிறித்தவர்களாவர். ஸ்னோரியின் நோக்கம் வழிபாட்டை மீட்பதன்று. பழங்கவிதையின் உருவகங்களைப் புரிந்துகொள்ளும் பயிற்சியை இளங்கவிஞர்க்கு அளிப்பதே. ஒரு கவிதையியல் நூல் பின்னாளில் ஓரினத்தின் தொன்ம நூலாக மதிக்கப்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது.

இச்சுவடியின் பிற்கால வரலாறும் அடையாள அரசியலோடு பிணைந்தது. 1643இல் ஐசுலாந்தின் பேராயர் ஒருவர் கைக்கு வந்த கோதெக்ஸ் ரேகியுஸ் 1662இல் டென்மார்க்கு அரசருக்கு அளிக்கப்பட்டது. அப்போது ஐசுலாந்து டேனிய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1944 சூன் 17 அன்று ஐசுலாந்து குடியரசான பின்னர், சுவடிகளைத் திரும்பப் பெறுதல் நாட்டின் கோரிக்கையாயிற்று. 1971 ஏப்ரல் 21 அன்று கோதெக்ஸ் ரேகியுஸ் கப்பல் வழியாக ரெய்க்கியாவிக் துறைமுகத்தை அடைந்தபோது மக்கள் திரளாகக் கூடி அதனை வரவேற்றனர். ஒரு தோற்சுவடி, விடுதலை பெற்ற நாட்டின் உடைமைச் சின்னமாக நின்றது.

டென்மார்க்கிலும் சுவீடனிலும் இதே தொன்மம் வேறு பணிகளை ஆற்றியது. 1809இல் சுவீடன் பின்லாந்தை உருசியாவிடம் இழந்தது. அவ்விழப்பையடுத்து 1811இல் சுடாக்ஹோமில் தோன்றிய கோத்தியக் கழகம் பழநார்ஸ் வீரத்தை மீட்டெடுப்பதன் வழியாக நாட்டின் ஊக்கத்தை மீட்க முனைந்தது. டென்மார்க்கில் வடநாட்டுத் தொன்மம் பற்றி நூல்கள் எழுதிய க்ருண்ட்விக், எளிய மக்களுக்கான கல்வியைத் தாய்மொழியிலும் பழங்கதையிலும் வேரூன்றச் செய்ய விரும்பினார். அவர் கருத்தின்வழி முதல் மக்கள் உயர்பள்ளி 1844இல் ரோடிங் என்னும் ஊரில், டேனியமும் செருமனும் மோதிய எல்லைப் பகுதியில் தொடங்கப்பட்டது. தொன்மம் ஓரிடத்தில் இழப்புக்கு ஆறுதலாகவும், மற்றோரிடத்தில் உழவர் கல்விக்கு அடித்தளமாகவும் அமைந்தது.

2. கலேவலா: தொகுத்தவரும் பாடியவரும்

பின்லாந்தில் நிகழ்ந்தது வேறு. அங்கே பழஞ்சுவடி இல்லை, பாடுவோர் இருந்தனர். கயானி என்னும் சிற்றூரில் வட்டார மருத்துவராகப் பணியாற்றிய எலியாஸ் லோன்ரோத் கரேலியப் பகுதிகளுக்குப் பலமுறை நடந்து சென்று பாடல்களைத் திரட்டினார். அவற்றை வரிசைப்படுத்தி இணைத்து 1835இல் கலேவலாவின் முதற்பதிப்பை வெளியிட்டார். 50 பாடல்களும் 22,795 அடிகளும் கொண்ட விரிவான பதிப்பு 1849இல் வெளிவந்தது. அடிகளில் மிகப்பெரும்பாலானவை மக்களிடம் கேட்டவை. எனினும், அவ்வடிகளை ஒரே தொடர்கதையாக்கிய கட்டமைப்பு லோன்ரோத்துடையது. எந்த ஒரு பாடகரும் கலேவலாவை அவ்வடிவில் பாடியதில்லை.

அக்காவியத்தின் அரசியல் பயன் மிகப் பெரிது. சுவீடிய மொழியே ஆட்சி மொழியாகவும் கல்வி மொழியாகவும் இருந்த நாட்டில், உழவர் மொழி எனக் கருதப்பட்ட பின்னியத்தில் ஒரு காவியம் உண்டு என்பது அம்மொழியின் தகுதிக்குச் சான்றாயிற்று. 1863இல் பின்னியத்திற்குச் சுவீடியத்தோடு ஒத்த நிலை அளிப்பதற்கான ஆணை பிறந்தது. 1899இல் உருசியப் பேரரசு பின்லாந்தின் தன்னாட்சியைக் குறைக்க முற்பட்டபோது ஓவியரும் இசையமைப்பாளரும் கலேவலாவின் மாந்தரையும் காட்சிகளையும் எதிர்ப்பின் மொழியாக்கினர். 1900ஆம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியில் பின்லாந்து அரங்கின் கூரையை அக்செலி கால்லன் கால்லேலாவின் கலேவலா ஓவியங்கள் அணிசெய்தன. 1917இல் பின்லாந்து விடுதலை பெற்றது. இன்றும் பெப்ருவரி 28 கலேவலா நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இக்காவியம் தமிழுக்கும் வந்துள்ளது. ஈழத்து எழுத்தாளர் உதயணன் என்னும் ஆர். சிவலிங்கம் செய்த தமிழாக்கம் 1994இல் வெளியாயிற்று. சிந்துவெளி ஆய்வால் தமிழுலகம் நன்கறிந்த அசுகோ பார்ப்போலா இப்பணிக்கு ஊக்கமளித்தவர். ஆகவே கலேவலாவை ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்வது தமிழ் ஆய்வாளர்க்கு எட்டாத முயற்சியன்று.

ஆயினும், பாடியவர்களுக்கு என்ன நேர்ந்தது? லோன்ரோத் பெரிதும் மதித்த அர்ஹிப்பா பெர்த்துனன் முதலிய பாடகர் பலரும் வாழ்ந்த வியன்னா கரேலியா உருசியாவின் பகுதி. அவர்தம் சமயம் கிழக்கு மரபுக் கிறித்தவம். பின்லாந்தின் பெரும்பான்மைச் சமயமோ லூத்தரியம். ஆயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடிய லாரின் பரசுக்கே என்னும் பெண், ஓவியர்களாலும் அறிஞர்களாலும் புகழப்பட்டும் 1904இல் வறுமையிலேயே இறந்தார். பாடல் தேசத்தின் உடைமையாயிற்று. பாடியவர் எல்லைக்கு அப்பாலும் வாசலுக்கு வெளியிலும் நின்றனர்.

3. அடையாளம் ஆயுதமாகும் நிலை

ஒரு தொன்மம் விடுதலைக்கு உதவியது என்பதால் அது எப்போதும் விடுதலைக்கே உதவும் என்று கொள்ளல் இயலாது. 1918 முதல் 1922 வரை பின்லாந்திலிருந்து கிழக்குக் கரேலியாவிற்குள் படையெடுத்தோர்க்குக் கலேவலாவின் பாடல் நிலம் என்னும் கருத்தே உரிமைச் சான்றாக அமைந்தது. மறுபுறம் சோவியத்து கரேலியாவும் அதே காவியத்தைத் தன்னுடையதாகக் கொண்டாடியது. ஒரே பனுவல் எதிரெதிர் அரசுகள் இரண்டுக்கும் சான்றானது.

நார்ஸ் தொன்மம் அடைந்த இழிநிலை இதனினும் கொடிது. செருமனியின் நாசி ஆட்சி வடநாட்டுத் தொன்மத்தைத் தூய குருதி என்னும் பொய்க் கோட்பாட்டின் அணிகலனாக்கியது. எஸ்.எஸ். படையின் சின்னம் பழைய ரூனிக எழுத்து வடிவிலிருந்து பெறப்பட்டது. நார்டிக் நாட்டவரையும் சேர்த்து அமைக்கப்பட்ட ஒரு படைப்பிரிவுக்கு வைக்கிங் என்று பெயரிடப்பட்டது. அவ்வரலாற்றின் நிழல் இன்னும் நீங்கவில்லை. தம் பண்பாட்டுக் குறியீடுகளை இனவெறிக் குழுக்களிடமிருந்து மீட்பது நார்டிக் அறிஞர்களின் பணிகளுள் ஒன்றாக உள்ளது.

இவற்றால் அறியப்படுவது, தொன்மத்திற்கு இயல்பான அரசியல் ஒன்றில்லை என்பதாகும். யார் அதனை நிலைப்படுத்துகிறார், எவரை உள்ளடக்குகிறார், எவரை விலக்குகிறார் என்பனவே அதன் அரசியலை முடிவு செய்கின்றன. இவ்வளவுகோலைக் கொண்டு இனி அண்ணன்மார் கதையை நோக்கலாம்.

4. அண்ணன்மார் கதை: பாடலின் உலகம்

கொங்குநாட்டின் கிழக்கெல்லையில் உள்ள பொன்னிவளநாடு கதையின் களம். குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரை நாச்சியாருக்கும் பிறந்த பொன்னரும் சங்கரும் நிலத்தைத் திருத்தி ஆளும் உழவர் தலைவர்கள். காட்டைத் தம் வாழ்நிலமாகக் கொண்ட வேட்டுவர் அவர்க்குப் பகைவர். அவர்தம் தலைவன் தலையூர்க் காளி. கொம்பன் என்னும் காட்டுப்பன்றி விளைநிலத்தை அழிக்கிறது. சாம்புவன் என்னும் ஒடுக்கப்பட்ட குலத்து வீரன் உடன்பிறந்தார்க்கு உறுதுணையாக நிற்கிறான். சோழ வேந்தனோடு திறை குறித்த உறவும் முறிவும் நிகழ்கின்றன. இறுதியில் படுகளத்தில் அண்ணன்மார் மடிய, தங்காள் அவர்களைத் தேடிக் காடெல்லாம் அலைந்து கண்டு, சிறிது பொழுது உயிர்பெறச் செய்கிறாள்.

மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூர் பெரியகாண்டியம்மன் கோயிலில் மாசித் திருவிழாவின்போது இக்கதை நிகழ்த்திக் காட்டப்படுகிறது. காங்கேயம், தாராபுரம், பல்லடம் வட்டாரங்களை உள்ளிட்ட கொங்கின் பல ஊர்களிலும் அண்ணன்மார் வழிபாடு உண்டு. படுகளச் சடங்கில் அருள்வந்து வீழ்ந்து கிடப்போர் மீண்டும் எழுப்பப்படுகின்றனர். கேட்போர் அங்கே பார்வையாளராக மட்டும் அமைவதில்லை. கதைக்குள் புகுந்து இறந்து எழுகின்றனர்.

இங்கு மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, கதையின் பெயர். அண்ணன்மார் என்பது உறவுமுறைச் சொல். யாருக்கு அண்ணன்மார் என்னும் வினாவிற்குத் தங்காளுக்கு என்பதே விடை. கதையின் தலைப்பே தங்கையின் வாயிலிருந்து பிறந்த விளியாக உள்ளது. அவள் நின்று அழைப்பதாலேயே அவர்கள் அண்ணன்மார் ஆகின்றனர். குன்னுடையான் கதை என்னும் மற்றொரு பெயரோ தந்தை வழியை முன்னிறுத்துகிறது. ஒரே கதைக்கு வழங்கும் இவ்விரு பெயர்களும் இரு நோக்குநிலைகளாகும்.

இரண்டாவது, எதிர்த்தரப்பின் இருப்பு. உழவர் தரப்பே கதையின் மையம் என்பதில் ஐயமில்லை. எனினும் காட்டை வயலாக்கும் செயல் காட்டில் வாழ்வோர்க்கு இழப்பாகும் என்பதைக் கதை மறைக்கவில்லை. கண்ணப்பரைத் தம் முன்னோராகப் போற்றும் வேட்டுவர் மரபினர் கொங்கில் இன்றும் வாழ்கின்றனர். படுகளம் வரையிலான நிகழ்ச்சிகளை அவர் கேட்கும் முறையும் வேளாளர் கேட்கும் முறையும் ஒன்றாக இருத்தல் இயலாது. பாடகர் தம் முன் அமர்ந்திருப்போர் யார் என்பதை அறிந்தே அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறார்.

மூன்றாவது, சாம்புவனின் இடம். வீரத்தில் அண்ணன்மார்க்கு நிகராகவும் குலவரிசையில் கீழாகவும் அவன் வைக்கப்பட்டுள்ளான். கதை அவனைப் போற்றுகிறது. ஆனால் வரிசையை மாற்றவில்லை. இம்முரண்பாடு பாடலில் தீர்க்கப்படாமலே உள்ளது. தீர்க்கப்படாமையே பலரும் அக்கதையில் தமக்குரிய இடத்தைத் தேட வழிவிடுகிறது.

5. பதிவும் பதிப்பும் புதினமும் திரையும்

அண்ணன்மார் கதையை விரிவாக ஒலிப்பதிவு செய்து உலக ஆய்வுலகிற்கு அறிமுகப்படுத்தியவர் பிரெண்டா பெக். 1965இல் காங்கேயம் வட்டாரத்து ஓலப்பாளையத்தில் தங்கிக் களப்பணி செய்த அவர், இரவுகள் பலவற்றில் பாடப்பட்ட உடுக்கைப் பாட்டைப் பதிவு செய்தார். அவ்வூர் இன்றைய திருப்பூர் மாவட்டப் பகுதியைச் சார்ந்தது. 1972இல் கொங்குச் சமூக அமைப்பைப் பற்றிய நூலையும், 1982இல் இக்காவியத்தைப் பற்றிய 'மூன்று இரட்டையர்' என்று பொருள்படும் ஆங்கில நூலையும் வெளியிட்டார். இரண்டாவது நூலின் தலைப்பு உடன்பிறந்தார் இருவரோடு தங்கையையும் எண்ணிக்கையில் சேர்க்கிறது.

பெக்கின் ஆய்வில் நமக்கு மிகவும் பயன்படுவது, கேட்போர் முன்னிலையில் பாடப்பட்ட வடிவத்தையும் எழுதுவோர்க்குச் சொல்லப்பட்ட வடிவத்தையும் அவர் ஒப்பிட்ட முறையாகும். ஒரே கலைஞர் ஒரே கதையைக் கூறினும் இரண்டும் வேறுபடுகின்றன. எழுத்துக்காகச் சொல்லும்போது கேட்போரின் மறுமொழியும் இடைப்பேச்சும் நீங்கிவிடுகின்றன. பனுவலாகும் கணத்திலேயே தேர்வு தொடங்கிவிடுகிறது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1971இல் கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த அண்ணன்மார் சுவாமி கதை கோவையிலிருந்து அச்சில் வந்தது. இதன்பின் கதை கோயில் முற்றத்தைக் கடந்து வாசிப்போர் கைக்குச் சென்றது. மு. கருணாநிதி இக்கதையைப் 'பொன்னர் சங்கர்' என்னும் வரலாற்றுப் புதினமாக எழுதினார். அதன் அடிப்படையில் அவரே திரைக்கதை எழுத, தியாகராசன் இயக்கத்தில் பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடித்த திரைப்படம் 2011 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில நாள் முன்னர் வெளியாயிற்று.

தலைப்பில் நிகழ்ந்த மாற்றம் இங்குக் குறிப்பிடத்தக்கது. உறவுமுறைச் சொல் நீங்கி இயற்பெயர்கள் நின்றன. தங்கையின் அழைப்பு மறைந்து வீரர் இருவரின் பெயர்கள் எஞ்சின. வழிபாட்டுக்குரிய அண்ணன்மார் வரலாற்று நாயகராயினர். வரலாற்றுப் புதினம் என்னும் இலக்கிய வகை கதையைத் தமிழ்நாடு முழுமைக்கும் உரியதாக்கியது. அதேவேளை கேட்போர்க்கேற்ப நெகிழும் தன்மையை அகற்றியது. லோன்ரோத்தின் கலேவலாவில் நிகழ்ந்த பொதுமையாக்கமும் இறுக்கமும் இங்கும் உடன்நிகழ்ந்துள்ளன.

வாய்மொழி வழக்கு அச்சில் நிலைபெறும்போது எழக்கூடிய மோதலுக்குக் கொங்குநாட்டிலேயே வேறொரு சான்றும் உண்டு. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வெளிவந்தது. 2014 திசம்பரில் அதற்கு எதிர்ப்பு எழுந்தது. 2015 சனவரியில் அவர் எழுத்துலகினின்று விலகுவதாக அறிவித்தார். 2016 சூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் எழுத்துரிமைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அப்புதினம் கையாளும் வழக்காறு குறித்த உண்மை எதுவாயினும், வாய்மொழியாகப் பேசப்படும் ஒன்று எழுத்தில் வந்தவுடன் ஒரு சமூகத்தின் மானம் பற்றிய வழக்காகிறது என்பதை அந்நிகழ்வு காட்டியது.

6. உழவனின் கதையும் பனியன் நகரமும்

அண்ணன்மார் கதையின் உயிர்நாடி நிலத்தைத் திருத்தும் உழைப்பு. இன்றைய திருப்பூரின் உயிர்நாடி பின்னலாடை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சிறுதொழிலாகத் தொடங்கிய பனியன் உற்பத்தி, 1970களின் இறுதியிலிருந்து ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. 2009இல் கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளை இணைத்துத் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று. பெக் ஒலிப்பதிவு செய்த காலத்து உழவர் வாழ்வுக்கும் இன்றைய பின்னல், சாயம், தையல், பேக்கிங் என்னும் தொழில் வாழ்வுக்கும் இடையே இரண்டு தலைமுறைகளே உள்ளன.

இம்மாற்றத்தை ஆராய்ந்த ஷரத் சாரி, 2004இல் வெளியிட்ட 'சகோதர மூலதனம்' எனப் பொருள்படும் தலைப்புடைய ஆங்கில நூலில் ஒரு முக்கியமான கருத்தை முன்வைக்கிறார். உழவுத் தொழிலிலிருந்து பனியன் கம்பெனித் தொழிலாளராக வந்து பின்னர் உரிமையாளரான கவுண்டர் சமூகத்தார் பலரும் தம் வளர்ச்சிக்குக் காரணமாகக் கூறுவது முதலீட்டையன்று, தம் உழைப்பையே என்கிறார். நிலத்தில் பாடுபட்ட பழக்கமே நகரத்தில் தம்மை உயர்த்தியது என்பது அவர்தம் விளக்கம். அவ்வுழைப்பின் பெயரால் அமைந்த உடன்பிறப்பு வட்டத்தில் பெண்களுக்கும் பிற சமூகத்தார்க்கும் சம இடம் கிடைக்கவில்லை என்பதையும் அவர் சுட்டுகிறார்.

சாரி அண்ணன்மார் கதையைத் தம் வாதத்திற்கு அடிப்படையாகக் கொள்ளவில்லை. கதையே தொழிலை உருவாக்கியது என்று கூறுவதும் இக்கட்டுரையின் கருத்தன்று. எனினும் இரண்டிற்கும் இடையே ஓர் அமைப்பொற்றுமை உள்ளது. காட்டைத் திருத்தியவனுக்கே நிலம் உரியது என்பது கதையின் அறம். பாடுபட்டவனுக்கே கம்பெனி உரியது என்பது நகரத்தின் அறம். உடன்பிறந்தாரின் ஒற்றுமை இரண்டிலும் உயர்பண்பு. உடனிருந்து உழைத்த சாம்புவனுக்குப் பங்கில்லை என்பதும் இரண்டிற்கும் பொது. உழைப்பே உரிமைக்கு அடிப்படை என்றால், அவ்வுழைப்பு யாருடையது என்னும் வினா எழுவது இயல்பு.

இவ்வினா இன்று கூர்மையடைந்துள்ளது. மதுரை, தேனி, தஞ்சை முதலிய பிற மாவட்டங்களிலிருந்து முன்பே தொழிலாளர் திருப்பூருக்கு வந்தனர். அண்மைக் காலத்தில் ஒடிசா, பீகார், சார்க்கண்டு, மேற்கு வங்கம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் பலர் வந்து பணிபுரிகின்றனர். தையல் கூடங்களில் பெண் தொழிலாளர் பெருந்தொகையினர். ஊரைவிட்டு வந்து அலைந்து உழைக்கும் இவர்களின் குரலுக்கு அண்ணன்மார் கதையில் நிகரானது வீரர்களின் குரலன்று. காடெல்லாம் அலையும் தங்காளின் குரலே. அக்குரலை மையமாகக் கொண்ட பாட்டு வடிவங்கள் பேணப்பட்டால் இக்கதை இன்றைய நகரத்தின் கதையாகவும் விளங்க இடமுண்டு. வீரர் இருவரின் பெயராக மட்டும் அது எஞ்சுமாயின், வந்தேறி என்று பிறரைச் சுட்டுவதற்கே பயன்படும்.

7. கொங்கு என்னும் அரசியல் அடையாளம்

கொங்கு என்னும் நிலவுணர்வு புதியதன்று. கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகம் இந்நிலத்தின் சிறப்புகளைத் தொகுத்துரைக்கிறது. இருபத்துநான்கு நாடுகள் என்னும் பழம்பிரிவும் நினைவில் வாழ்கிறது. தேர்தல் அரசியலில் இவ்வுணர்வு 2009இல் கொங்குநாடு முன்னேற்றக் கழகமாகவும், 2013இல் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியாகவும் உருக்கொண்டது. 2021 சூலையில் ஒன்றிய அமைச்சர் ஒருவரைப் பற்றிய குறிப்பில் கொங்குநாடு என்னும் சொல் இடம்பெற்றதையொட்டித் தனி மாநிலம் குறித்த விவாதமும் எழுந்து அடங்கியது.

இவ்வரசியலின் முகமாக அமைந்தவர் அண்ணன்மார் அல்லர். 1805 சூலை 31 அன்று சங்ககிரியில் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையே ஆவார். நாளும் ஊரும் எதிரியும் தெளிவாக உள்ள வரலாற்று வீரரைச் சிலையாகவும் அஞ்சல்தலையாகவும் ஆக்குதல் எளிது. பகைவனும் துணைவனும் தங்கையும் தத்தம் உரிமையோடு நிற்கும் வாய்மொழிக் காவியத்தை அவ்வாறு ஆக்குதல் எளிதன்று. அண்ணன்மார் கதை முழுமையாக ஓர் அரசியல் சின்னமாகாமல் நின்றதற்கு அதன் பன்முகத்தன்மையும் ஒரு காரணம் எனக் கருதலாம். ஐசுலாந்திலும் பின்லாந்திலும் பனுவல் முந்திற்று, அரசியல் பிந்திற்று. கொங்கில் பாட்டு இன்னும் உயிரோடு இருக்கும்போதே அரசியல் வந்துவிட்டது. இவ்வேறுபாடு நமக்கு ஒரு வாய்ப்பாகும்.

8. பாடவேறுபாடுகளைப் பேணுதல்

அவ்வாய்ப்பைப் பயன்படுத்தும் வழியையும் பின்லாந்தே காட்டுகிறது. 1831இல் தோன்றிய பின்னிய இலக்கியக் கழகம் கலேவலாவோடு நின்றுவிடவில்லை. லோன்ரோத்தும் பிறரும் திரட்டிய மூலப்பாடல்களை, யார் பாடினார், எவ்வூரில், எப்போது என்னும் விவரங்களுடன் 'பின்னிய மக்களின் பழம்பாடல்கள்' என்னும் வரிசையாக 1908 முதல் 1948 வரை 33 தொகுதிகளில் வெளியிட்டது. 1997இல் மேலும் ஒரு தொகுதி வந்தது. இதனால் கலேவலாவில் எது மக்கள் பாட்டு, எது தொகுத்தவர் கட்டு என்பதை எவரும் ஒப்பிட்டு அறியலாம். காவியம் தேசியச் சின்னமானபோதும் அதனை வினவுவதற்கான சான்றுகள் அதே நாட்டில் காக்கப்பட்டன.

அண்ணன்மார் கதைக்கு இத்தகைய பாடவேறுபாட்டுத் தொகுதி தேவை. சங்க நூல்களுக்குச் சுவடி வேறுபாடுகளை அடிக்குறிப்பில் தரும் பதிப்பு மரபு தமிழில் உண்டு. அம்மரபை வாய்மொழிக்கும் விரிக்கலாம். வேளாளர் ஊர்களில் பாடப்படும் வடிவம், வேட்டுவர் ஊர்களில் வழங்கும் வடிவம், ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளில் சாம்புவனைப் பற்றிக் கூறப்படுவன, பெண்கள் தங்காளைப் பற்றிப் பாடும் ஒப்பாரிகள் ஆகியவை தனித்தனியே, பாடியவர் விருப்பமறிந்து, இடமும் காலமும் குறித்துப் பதிவாக வேண்டும். விடிய விடியக் கதை கேட்ட கேட்போர் ஷிப்ட் முறை வேலைக்கு மாறிவிட்ட பகுதியில், உடுக்கைப் பாட்டு முழுமையாகப் பாடப்படும் இரவுகள் குறைவது இயல்பு. அவ்விரவுகள் முற்றும் நின்றபின் எஞ்சுவது அச்சும் திரையும் தந்த ஒற்றை வடிவமாகவே இருக்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பாய்வினால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. தொன்மம் தானாக அடையாளமாவதில்லை. சுவடியாக்கம், தொகுப்பு, புதினம், திரைப்படம் ஆகிய நிலைப்படுத்தும் செயல்களின் வழியாகவே அது அடையாளமாகிறது.

2. நிலைப்படுத்தல் ஒரு மக்களுக்கு மொழித்தகுதியையும் விடுதலையுணர்வையும் தரவல்லது. பின்லாந்தும் ஐசுலாந்தும் இதற்குச் சான்று. அதுவே விலக்கலுக்கும் கருவியாகலாம். கிழக்குக் கரேலியப் படையெடுப்பும் நாசியர் நார்ஸ் தொன்மத்தைக் கையாண்டமையும் இதற்குச் சான்று.

3. அண்ணன்மார் கதை பாடல் நிலையில் உழவர், வேட்டுவர், ஒடுக்கப்பட்டோர், பெண்டிர் ஆகிய அனைவர்க்கும், சமமாக இல்லாவிடினும், இடமளிக்கிறது. பனுவல் நிலையில் அவ்விடம் சுருங்குகிறது. அண்ணன்மார் என்னும் உறவுப்பெயர் பொன்னர் சங்கர் என்னும் இயற்பெயர்களாக மாறியது இச்சுருக்கத்தின் அடையாளம்.

4. உழைப்பே உரிமைக்கு அடிப்படை என்னும் கதையின் அறம் திருப்பூரின் தொழிற்பண்பாட்டிலும் எதிரொலிக்கிறது. அவ்வறத்தை முழுமையாக ஏற்போர் இன்று அந்நகரில் உழைக்கும் அனைவரின் உரிமையையும் ஏற்றல் வேண்டும்.

5. பாடவேறுபாடுகளைத் தொகுத்துப் பேணுதல் பதிப்புப் பணி மட்டுமன்று. ஒரு கதை ஒரு தரப்பின் உடைமையாவதைத் தடுக்கும் பணியுமாகும். கொங்குப் பகுதித் தமிழ்த்துறைகள் ஒன்றுகூடி இதனை மேற்கொள்ளுதல் காலத்தின் தேவையாகும்.